அண்ணைக்கென்று செய்த இடக்கைத் துவக்கு

என் அன்பு ரவி அண்ணைக்கு,

உங்கள் துவக்கு செய்து முடிந்துவிட்டது. முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். உயிரோடு இருந்திருந்தால் நீங்களும் முதலில் இதைத்தான் கேட்டிருப்பீர்கள். ஊரெல்லாம் வீடு சூடாக்குகிற ஃபர்னஸ் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "எரிக் ஃபோனில கோல் எடுத்தவரோ?" என்றுதானே கேட்பீர்கள்?

கடையில் விற்கும் துவக்குகள் எல்லாம் வலக்கைக்காரருக்கு. வெடி வைத்தபின் அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுக்க நீங்கள் கையை மேலால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதற்குள் மூஸ் மான் காட்டுக்குள் போய்விடும் என்பீர்கள். பெரிய குழல் வேண்டும், ஒரே வெடியில் விழவேண்டும், காயத்தோடு ஒரு விலங்கை அலையவிடக் கூடாது என்பதும் நீங்கள் சொன்னதுதான். அதற்காகத்தான் வடக்கே மூன்றரை மணித்தியால ஓட்டத்தில், வருசத்துக்கு நாலைந்து துவக்கு மட்டும் கையால் செய்யும் அந்தக் கிழவர் எரிக்கிடம் போனீர்கள். அவர் உங்கள் தோளையும் கையையும் தையற்காரரைப் போல அளந்துவிட்டு, ஒன்றரை வருசமாகும் என்றார். அந்த ஒன்றரை வருசம் முடிய முன்னம் நீங்கள் போய்விட்டீர்கள்.

எப்படிப் போனீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஒக்டோபர் காலையில் உங்களைச் சுட்டவன் குகன். அண்ணியின் தம்பி. நீங்கள் ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு வருசம் வைத்திருந்து, வேட்டைக்கும் கூட்டிக்கொண்டு திரிந்த அதே குகன். காட்டில் நீங்கள் இருவர் மட்டும். அவன் பொலிஸ் அதிகாரியிடம் சொன்னது இதுதான்: "அத்தான் ஒரேஞ்ச் வெஸ்ட் போடேல்லை. தொப்பியும் போடேல்லை. மூஸ் எண்டு நினைச்சுத்தான் வெடி வைச்சனான்."

உங்கள் உடுப்புகள் ஒரு கடதாசிப் பையில் வந்தன. அதற்குள் வெஸ்ட் இல்லை. தொப்பியும் இல்லை. நீங்கள் தங்கியிருந்த கபினிலும் இல்லை. மற்றவர் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிய, வேட்டைக் காலத்தில் அவை இரண்டையும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். போடாதவர் நீங்கள் என்று ஆகிவிட்டபடியால் அவன் மேலிருந்த வழக்கு சின்னதாக முடிந்தது.

நான் நம்பவில்லை. வீட்டு டிரைவ்வேயில் இருந்து வான் வண்டியை ரோட்டுக்கு எடுக்கவும் பெல்ட் போடுகிற மனுசன் நீங்கள். அன்று விடியவே நீங்கள் உங்கள் மகள் அபிக்கு அனுப்பின படத்தில் வெஸ்ட்டும் இருக்கிறது, தொப்பியும் இருக்கிறது. படத்தை அதிகாரியிடம் காட்டினேன். பிறகு கழற்றியிருக்கலாம் அம்மா என்றார்.

செத்தவீட்டிலேயே தொடங்கிவிட்டார்கள். உங்கள் பெட்டி பக்கத்தில் இருக்கும்போதே, "ரவி கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று கோப்பியைக் குடித்துக்கொண்டு கதைத்தார்கள். உங்களைக் கொன்றவனைச் சுற்றி நின்று அவன் முதுகைத் தடவினார்கள். "பாவம் குகன், வாழ்நாள் முழுக்க இதைச் சுமக்கப்போறான்." அண்ணிக்கு புருசனும் போய், தம்பியும் போகக் கூடாது. அவ அவனை நம்பினா. நம்பாவிட்டால் அவ எப்படி உயிரோடு இருப்பா? அதை நான் விளங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது அபிதான். முப்பத்தோராம் நாள் கிரியையன்று சமையலறையில் என் பக்கத்தில் நின்று, "ஜஸ்ட் வன் வெஸ்ட், மாமி. அப்பா ஏன் எங்களைப் பற்றி திங்க் பண்ணேல்லை?" என்று கேட்டாள். அவள் உங்கள் படத்தைத் தன் அறையில் இருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள், அண்ணை. உங்கள் மேல் கோபம்.

அன்றைக்கு முடிவெடுத்தேன், குகனைச் சும்மா விடுவதில்லை என்று.

எட்டு மாதத்துக்குப் பிறகு எரிக் உங்கள் வீட்டுக்குக் கோல் எடுத்தார், நான்தான் பேசினேன். உங்களைக் கேட்டார். சொன்னேன். பிறகு, ஓடரை நிறுத்திவிடவா, வேறு ஒரு இடக்கைக்காரர் வரும்வரை வைத்திருக்கலாம் என்றார். என் வாயில் இருந்து வந்த பதில் எனக்கே புதிதாக இருந்தது. "நானும் இடக்கைதான். எனக்கு அளவெடுத்துச் செய்யுங்கள்."

எதற்கு வேட்டையாடப் போகிறாய் என்று கேட்டார். மூஸ் என்றேன். சொல்லும்போது என் கண்ணுக்குள் நின்றது குகனுடைய சேர்ட்டின் இரண்டாவது பட்டன். இதை எழுதினால் என் துவக்கு லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள் என்று ஒரு சினேகிதி சொல்கிறாள். பறிக்கட்டும். உங்களுக்குப் பொய் எழுதி என்ன பயன்?

லைசென்ஸுக்கு வகுப்புக்குப் போனேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடி அறை, ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று பக்கத்தில் இருந்த பெடியங்கள் பார்த்தார்கள். படிப்பித்தவர் பொலிஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெண். விலங்கு முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்வரை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை, விரல் விசைக்குக் கிட்டவும் போகக்கூடாது என்றார். நான் கையை உயர்த்தினேன்.

"சத்தம் மட்டும் கேட்டால்?"

"அப்படியென்றால் நீ ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கிறாய். அவ்வளவுதான்."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, யாரையாவது மிரட்டியிருக்கிறீர்களா என்று. இல்லை என்று போட்டேன். உண்மைதான். நான் எவரிடமும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு காத்திருந்தேன். குழல் வரவில்லை என்றார் எரிக். பிறகு வால்நட் கட்டை இன்னும் காயவில்லை என்றார். பிறகு அவருக்குக் கண் ஒப்பரேஷன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார். அவசரமில்லை என்றேன். நாள்போக ஆறும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை, அண்ணை. விடிய பஸ்ஸை எடுக்கும்போதும் அதே நினைவு, மோர்னிங்சைட்டில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிடும்போதும் அதே நினைவு. கோவிலில், கலியாண வீட்டில், பிறந்தநாள் விழாவில் குகனைக் கண்டால் சிரித்தேன். "எப்பிடி இருக்கிறாய், குகன்?" என்று கேட்டேன். அவன் முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சித்திரையில் கோல் வந்தது. முடிந்துவிட்டது, வந்து எடுத்துப் போகலாம் என்றார். நான் குகனுக்குக் கோல் அடித்தேன்.

"துவக்கு வந்திட்டுது, குகன். எனக்குத் தனியப் போக ஒரு மாதிரி இருக்கு. நீயும் வாறியோ?"

"வாறன் அக்கா, நானே காரை ஓடுறன்" என்றான். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டான். அண்ணியும் அப்படித்தான் நினைத்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அழவிட்டேன். அது எனக்குப் பாவம்தான்.

வழி முழுக்க அவன்தான் காரை ஓட்டினான். பாதித் தூரத்தில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தான். நன்றாயிருக்கு என்று குடித்தேன்.

துவக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கறுப்பு வரி ஓடின வால்நட் கட்டை, என் சுண்டுவிரல் தடிப்புக்குக் குழல் வாய். தோளில் வைத்தேன், கன்னம் தானாகப் போய்க் கட்டையில் படுத்துக்கொண்டது. எரிக் கடைக்குப் பின்னாலிருந்த வெளிக்குக் கூட்டிப் போய் நாலு தோட்டா தந்தார். மூன்றை இலக்கு மட்டையில் சுட்டேன். ஒவ்வொன்றும் ஆளைப் பின்னால் தள்ளியது. நாலாவது என் கோட் பைக்குள் இருந்தது. குகன் என் வலது பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றான்.

அந்த நேரம் எனக்குள் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். எல்லாம் இருந்தது. பையில் கையைப் போட்டுத் தோட்டாவைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது அபியின் முகம்தான் வந்தது. இவன் செத்தால் உண்மையும் இவனோடு போய்விடும், அவள் ஆயுளுக்கும் உங்களைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன். கையை எடுத்தேன்.

போல்ட்டைத் திறந்து துவக்கை மேசையில் வைத்தேன். காரில் இருந்து நான் கொண்டுவந்திருந்த புது ஒரேஞ்ச் வெஸ்ட்டை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தேன். எண்பது காலடி எண்ணினேன். அதுதான் அவன் அதிகாரியிடம் சொன்ன தூரம். பற்றைக்குள், கிளைகளுக்கு இடையில், வெஸ்ட்டைக் கொழுவிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"குகன், அங்க பார். என்ன தெரியுது?"

அவன் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"அக்கா, போவம்."

"பார் எண்டு சொல்லுறன். பற்றைக்குள்ள மறைச்சுத்தான் கொழுவியிருக்கிறன். வெறுங்கண்ணுக்குத் தெரியுதோ, இல்லையோ?"

நாங்கள் பேசினது எரிக்குக்கு விளங்காது. ஆனால் என் குரல் விளங்கியிருக்க வேண்டும். அவர் மெதுவாக வந்து, மேசையில் இருந்த துவக்கில் சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

"தெரியுது" என்றான் குகன்.

"அப்ப அண்ணை போட்டிருந்தால் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் திரும்பிக் கார் நின்ற பக்கம் பார்த்தான்.

"அபி தகப்பன்ர படத்தை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறாள். தெரியுமோ உனக்கு? நீ தூக்கி வளர்த்த பிள்ளை. தகப்பன் தன்னை நினைக்காமல் செத்துப்போனார் எண்டு நினைச்சுக்கொண்டு திரியுறாள்."

அதற்குத்தான் அவன் உடைந்தான். அந்த ஈர நிலத்தில் அப்படியே குந்திவிட்டான்.

"நான் பாக்கேல்லை அக்கா. கிளை முறிஞ்ச சத்தம் கேட்டது. சத்தத்துக்குச் சுட்டன். ஓடிப்போய்ப் பாத்தால் அத்தான். வெஸ்ட் போட்டிருந்தவர். தொப்பியும் போட்டிருந்தவர். வெஸ்ட்டைக் கழட்டித்தான் காயத்தில அமத்திப் பிடிச்சனான். ரத்தம் நிக்கேல்லை. பிறகு பயம் வந்திட்டுது. ரெண்டையும் கபின் அடுப்பில போட்டு எரிச்சுப்போட்டுத்தான் பொலிஸுக்குக் கோல் அடிச்சனான்."

"அண்ணை ஏதும் சொன்னவரோ?"

"'பயப்பிடாதை' எண்டவர்."

மூன்று வருசமாக அந்தச் சொல்லையும் ஒளித்து வைத்திருந்திருக்கிறான், அண்ணை. செத்துக்கொண்டிருந்த நீங்கள் அவனைப் பார்த்துப் பயப்படாதே என்றீர்கள். அவன் அடுப்பை மூட்டினான்.

நான் அவனைத் தூக்கிவிடவில்லை. நாலாவது தோட்டாவை எடுத்து எரிக்கின் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிவிட்டு, துவக்கை இன்றைக்குத் தரமாட்டேன் என்றார். ஒரு விலங்கை மட்டும் நினைத்துக்கொண்டு வரும் நாளில் வா, அதுவரை என் பெட்டகத்தில் இருக்கட்டும் என்றார். சரி என்றேன். இவ்வளவு நாள் காத்திருந்த எனக்கு அது ஒரு பெரிய விசயமா?

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். மூன்று பேரிடம் சொல்லவேண்டும், நான் சொல்லும் வரிசையில் சொல்லவேண்டும் என்றேன். முதலில் அபி. பிறகு அண்ணி. பிறகு அதிகாரி. குகன் தலையாட்டினான்.

உங்கள் வீட்டு ஹோலில் அபி நின்றுகொண்டே கேட்டாள். அவன் சொல்லி முடித்ததும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஹீ வோர் இட்? மாமி, அப்பா போட்டிருந்தவரோ?"

"ஓம் பிள்ளை. போட்டிருந்தவர்."

மேலே ஓடினாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அழுதது ரோட்டுக்கே கேட்டிருக்கும். அண்ணி தம்பியைப் பார்த்து ஒரே ஒரு சொல்தான் சொன்னா: "போ." அன்றையில் இருந்து அவன் அந்த வாசலுக்கு வரவில்லை.

இப்போது ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். அவன் ஒத்துக்கொண்டுவிட்டானே, வேலையும் போய்விட்டதே, பிள்ளைகுட்டிக்காரன், விட்டுவிடு சுமதி என்கிறார்கள். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கோப்பி குடித்த அதே ஆட்கள். சுட்டதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன் என்று அவர்களுக்குச் சொன்னேன். ஒரு நொடியில் நடந்த பிழை அது. எரித்தது பிழை இல்லை. மூன்று வருசம் உங்கள் பிள்ளை உங்களை வெறுக்கப் பார்த்துக்கொண்டு இருந்தது பிழை இல்லை.

அடுத்த மாதம் புது வழக்கு. அபி கம்பஸில் லீவு கேட்டுவிட்டாள். அண்ணியும் வருகிறா. உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன்: எத்தனை தவணை போட்டாலும் நான் முதல் வரிசையில், அவன் நிமிர்ந்தால் என் முகம் தெரிகிற இடத்தில் இருப்பேன். நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள் என்று அவன் எழுந்து நின்று, உங்கள் முழுப் பெயரையும் சொல்லி, அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.

என்றும் உங்கள் ஒரே தங்கச்சி,
சுமதி