மாப்பிள்ளையோடு எரிந்த பிஸ்கட் டின்

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே கோல லங்காட் மாவட்டத்தை ஆண்ட மாமன்னா, என் அருமை மாப்பிள்ளை செல்லையா,

மேலே சௌக்கியமா? படம் பிடிக்க அங்கே வெளிச்சம் போதுமா? இங்கே உன் மச்சான் கிள்ளானில் எட்டாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். லிஃப்ட் கெட்டுப்போய் எண்பது வருஷமாகிறது. கீழே இறங்கி ரொட்டி வாங்கி ஏறி வருவதற்குள் இரண்டு தீபாவளி வந்து போய்விடும்.

நீ போய் ஏழு மாதம். நல்ல சேதி இருந்தால் முதலில் அதைச் சொல்லியிருப்பேன். இல்லை.

பந்திங் பக்கம் நம்ம தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு மாற்று வீடு தருவதாகச் சொன்ன புது முதலாளிகள், இப்போது, "நீங்கள் இங்கேதான் குடியிருந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? நேற்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள்தானே!" என்கிறார்கள். நம் சனத்திடம் எந்தக் காகிதம் இருக்கிறது, சொல்? வீடு தோட்டத்தின் பேரில், கரண்டு தோட்டத்தின் பேரில், தண்ணீர்கூடத் தோட்டத்தின் பேரில். பன்னிரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப்போகிறது. அதில் ஒருத்தி உன் மனைவி, என் தங்கை கமலா.

பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடைக்கு மேலே ஒரு வக்கீலம்மா இருக்கிறாள். சின்னப் பெண், தைரியசாலி. "வீட்டு முன்னாடி நிக்கிற பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க, அங்கிள். அது போதும்லா" என்றாள். ஆல்பங்களை மூட்டை கட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொன்றாகப் புரட்டியவள் நிமிர்ந்து கேட்டாள்: "நீங்க எல்லாரும் பங்களாவிலயா இருந்தீங்க?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. போட்டோ என்றாலே நம் ஆட்கள் குளித்து, பவுடர் அடித்து, இரவல் கடிகாரம் கட்டி, மானேஜர் பங்களா வாசலுக்கு ஓடுவார்களே! என் கல்யாணப் படத்தில் மானேஜரின் காரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நான்தான் அதை ஜெர்மனியிலிருந்து தோளில் சுமந்து வந்தவன்போல நிற்கிறேன். தன் வீட்டு வாசலில் நின்று ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, படம் எடுத்துக்கொள்ளவில்லை.

நீதான் எடுத்தாய். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓரங்கட்டிவிட்டு, யாரோ வேண்டாமென்று விற்ற காமிராவைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைவாய். குழாயடிச் சண்டை, கொடியில் காயும் கைலி, வாசலில் உட்கார்ந்து பேன் பார்க்கிறவர்கள். அஞ்சலையக்கா விளக்குமாறோடு உன்னைத் துரத்தியது மறக்குமா?

"டேய், கிழிஞ்ச கைலியோட என்னை எதுக்குடா புடிக்கிற? இதப் பாத்தா எவன்டா என் மகளக் கட்டுவான்?"

கழுவி வந்த படத்தின் முதுகில் வீட்டு நம்பர், தேதி, ஆள் பெயர், அன்றைக்கு அந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை பேனாவால் எழுதுவாய். ஆளுக்கொரு பிரதி நீட்டினாய். "அழுக்குப் படம்" என்று ஒருத்தரும் வாங்கவில்லை. நான் மட்டும் ஒன்றுவிடாமல் படித்தேன். எதற்கு? உன்னைக் 'கருவாட்டுக் குழம்பு மகாராஜா' என்று ஊர் முழுக்கக் கேலி பேச.

எல்லாம் நெகட்டிவோடு ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. வேறெங்காவது ஒரு பிரதி வைத்திருக்கக் கூடாதா நீ?

உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். உனக்குப் பிடித்த சட்டை, மூக்குக்கண்ணாடி என்று ஆளுக்கொன்றாக உள்ளே வைத்தார்கள். எனக்குப் பேச்சு வெறி ஏறிவிட்டது. டின்னை இரண்டு கையாலும் உயரத் தூக்கினேன். "கலைஞன் தனியாகப் போகக் கூடாது! அவன் படைத்த உலகமும் அவனோடு போகட்டும்!"

கமலா என் கையைப் பிடித்தாள். "வேணாம்ண்ணே. டின்னு வீட்டுலயே இருக்கட்டும். நான் அப்பப்ப எடுத்துப் பாப்பேன்."

"சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று டின்னை உன் பக்கத்தில் வைத்தேன்.

கூட்டமே அழுதது. "உன்ன மாதிரி மச்சான் எவனுக்குடா கிடைப்பான்?" என்று அஞ்சலையக்கா தேம்பினாள். மின்சுடலையின் கதவு மூடுகிறவரை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

போன வாரம் வக்கீல் ஆபீஸ் படிக்கட்டில் அதே அஞ்சலையக்கா என் சட்டையைப் பிடித்தாள். "யாருடா உன்னக் கேட்டா? செத்தவனுக்கு எதுக்குடா என் வீட்டு வாசலு?"

கமலா ஒரு வார்த்தை திட்டவில்லை. போனால் தேநீர் கலக்கிக் கொடுக்கிறாள், சீனிகூட அளவாக. திட்டித் தொலைத்திருக்கலாம்.

வக்கீலம்மாதான் வழி சொன்னாள். "எல்லாப் படத்தையும் பின்னால எழுதினதோட ஒண்ணுவிடாம படிச்சவரு நீங்க ஒருத்தர்தான், அங்கிள். சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுங்க." பேனாவை எடுத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டாள். "லயத்துல எத்தன வீடு?"

"அது இருக்கும்மா, ஐந்நூறு!"

பேனா நின்றது. "அங்கிள், எதிர்த்தரப்புக்கு முன்னாடி இப்படிப் பேசினா, நீங்க சொல்ற உண்மையும் சேந்து போயிடும்."

பின் பெஞ்சில் கமலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பன்னெண்டும்மா" என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன மிகச் சின்ன எண் அதுதான், மாப்பிள்ளை.

புதன்கிழமை கையெழுத்து. ஒரு வாக்குத் தருகிறேன். பன்னிரண்டைப் பதின்மூன்றாக்க மாட்டேன். படங்கள் ஏன் இல்லை என்று கேட்டிருக்கும் இடத்தில் கலைஞன் என்ற வார்த்தையும் வராது, உலகம் என்ற வார்த்தையும் வராது. 'என் தங்கை வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரைப் போடுவேன். நம்புவார்களா என்று மட்டும் கேட்காதே.

உன் கமலாவுக்கு அண்ணனாகப் பிறந்த,
உன் மச்சான்