முன்வாசல் கல்

ஹாலிஃபாக்ஸ், வர்ஜீனியா
மார்ச் 9

அன்புள்ள ஹார்லனுக்கு,

நானும் தபிதாவும் நலம். உன் அப்பாவும் உடம்பளவில் நலம்தான். அந்த டகோட்டாப் பனியில் குழாய் பதித்துக்கொண்டிருப்பவனுக்கு இதை எழுதலாமா என்று யோசித்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் நான் நடத்தும் பாடத்தில் இப்போது அடிமை முறையை ஒட்டி மூண்ட நம் உள்நாட்டுப் போர் நடக்கிறது. வீட்டிலேயே பாடம் நடத்தும் தாய்மார் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளைப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு. அங்கே கல்லறைக் கல்லின் மேல் மெல்லிய தாளை விரித்து மெழுகுக் கிரேயானால் தேய்த்தால், கண்ணுக்குப் படாத எழுத்தும் தாளில் எழும்பிவிடும். உன் மகள் தபிதாவுக்குப் பொறுமை ஏது? பழகிப் பார்க்கிறேன் என்று நம் முன்வாசல் படிக்கல்லிலேயே தாளை விரித்துத் தேய்த்திருக்கிறாள்.

தாளில் வந்தது இதுதான்: "ஃபீபி. என் மகள். 1856."

வருஷா வருஷம் பாடம் தொடங்கும் நாளில் தபிதாவை நிறுத்திப் போட்டோ எடுப்போமே, அதே கல். நம் செருப்புகள் தேய்த்துத்தான் அந்த எழுத்து மங்கிப்போயிருக்கிறது.

உன் அப்பாவிடம் ஓடினேன். கல்லறைக் கல் என்று தெரியுமா என்று கேட்டேன். காபியை ஆற்றிக்கொண்டே, "தெரியாம என்ன? சோளக்காட்டுல நம்ம அடிமைங்கள பொதச்ச எடம். டிராக்டர்ல மாட்டிக்கிட்டே இருந்துச்சு, பேத்துட்டேன். நல்ல கல்லும்மா, வீணாப் போவானேன்?" என்றார்.

நம்ம அடிமைங்களாம்! உங்கள் குடும்பம் அடிமையே வைத்ததில்லை, சொந்தக் கையால் உழுது பிழைத்தது என்று அவர் சொல்லித்தானே போன வாரம் பாடம் நடத்தினேன்? அதைக் கேட்டுவிட்டேன். பிள்ளைக்குக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடு என்று கத்திவிட்டுப் போனவர், அதோடு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நானும் தபிதாவுமாகக் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லை எடுத்தோம். கழுவித் துடைத்து வராந்தாவில் வைத்திருக்கிறோம். திரும்பக் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் சோளக்காட்டின் பக்கம் கையை நீட்டி, "கல்லு இங்க இருக்கும்மா. ஃபீபி எங்க இருக்கா?" என்றாள்.

அந்தப் பக்கம் முழுக்க உழுத நிலம். எந்த இடத்தில் பெயர்த்தார் என்பது உன் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கோ மறதி கூடிக்கொண்டே போகிறது. நேற்று தபிதாவை உன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கேட்டால் சொல்லமாட்டார். நீ கேட்டால் ஒருவேளை காட்டுவார்.

லீவு கிடைக்காது என்று சொல்லிவிடாதே. ஏப்ரலில் மறுபடி டிராக்டர் இறங்கிவிடும். அதற்குள் வா. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

முன்பக்கம் இப்போது படி இல்லை. பின்வாசல் வழியாக வா.

உன் வழி பார்த்திருக்கும்,
லோர்னா