லேபிளுக்கு ஒரு டேபிள்

இன்று காலை அச்சகத்திலிருந்து புது லேபிள் கட்டுகள் வந்து இறங்கின. ஆபீஸ் முழுக்க மை வாசனை. மற்றவர்களுக்கு அது சீசன் வாசனை. எனக்கோ உன்மேல் கோபத்தைக் கிளப்புகிற வாசனை. புது லேபிள் வந்தால் சர்வரில் அதற்கென்று இன்னொரு டேபிள், தனியாக ஒரு பட்டியல், போட வேண்டும். அப்படித்தானே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்?

நாம் இருவரும் இந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதியபோதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். எல்லாச் சரக்கையும் ஒரே டேபிளில் வை, லேபிளுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும் என்றேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "ஏலே, உள்ள இருக்கது ஒரே குருவி வெடிதான். ஆனா மதுரைப் பார்ட்டிக்கு மயில் படம், சேலத்துப் பார்ட்டிக்குக் கிளிப் படம். படம் மாறுனா சரக்கே வேறலே. விருதுநகர்ல மொளகா விக்கிற வீட்டுப் பயலுக்கு இது எங்க புரியப்போகுது." என் அப்பாவின் மிளகாய் மண்டியை இழுக்காமல் உன்னால் ஒரு வாதத்தை முடிக்க முடியாது.

எந்த டேபிளில் தேடுவது என்று முன்கூட்டித் தெரியாததால், நீ சர்வரிடம் கேட்கும் வாக்கியத்தை, அந்தக் குவெரியை, எழுதிவைக்கவே இல்லை. பில் போடும் நேரத்தில் துண்டு துண்டாக ஒட்டி, டைனமிக் ஸ்டேட்மென்டாக அங்கேயே உருவாக்கி ஓடவிட்டாய். புரோகிராமைத் திறந்தால் துண்டுகள்தான் இருக்கும். முழு வாக்கியம் எங்கேயும் இருக்காது. "நாளைக்கு இது மாட்டிக்கிட்டா எப்படிலே கண்டுபிடிக்க?" என்றால், "நான் இருக்கேம்ல" என்பாய். இருந்தாயா? நெஞ்சு வலிக்கிறது என்று யாரிடமாவது சொன்னாயா? ஒரு மிஸ்டு காலாவது கொடுத்திருக்கக் கூடாதா? ஆமத்தூர் வருவதற்குள் பஸ்ஸிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு முதலாளி உன் மனைவி தேன்மொழிக்கு பில் போடும் வேலை கொடுத்தார். அந்த வகையில் நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த தீபாவளி சீசனில் பில் வராமல் நின்றபோது, லோடு ஏற்றிய லாரி வாசலில் காத்திருக்க, அவள் காதுபடவே கத்தினார்: "போனவன் நம்ம கழுத்துல கயித்த மாட்டிட்டுப் போயிட்டான்யா. இந்தக் கருமத்தத் தூக்கிப் போடுங்க." அவள் கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. உன்னை நான் திட்டலாம், அது என் உரிமை. அவள் முன்னால் வேறு யாரும் உன்னைத் திட்டக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

சர்வருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க டிரேஸ் போட்டேன். மொத்தமாக, பேட்ச் அளவில் பார்த்தால் ஒரே வரிதான் வந்தது: உன் புரொசீஜரின் பெயரும் அது எடுத்துக்கொண்ட நேரமும். உள்ளே எதை ஒட்டினாய் என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் காட்டு என்று மாற்றினேன். ஆபீஸில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களின் வரிகளும் சேர்ந்து கொட்டின, சர்வர் இன்னும் திணறியது. ஆளைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், புண்ணியவானே, எல்லாருக்கும் ஒரே லாகின் கொடுத்து வைத்திருக்கிறாய். கடைசியில் உன் மனைவியின் கம்ப்யூட்டரை மட்டும் வடிகட்டி எடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே ஒரு பில் போடும்மா" என்றேன்.

நீ ஒட்டிய வாக்கியம் முதல்முறையாக முழுசாகத் திரையில் வந்தது. கடையை மூடிவிட்டுப் போன பார்ட்டிகளின் லேபிள் உட்பட எல்லா டேபிளையும் அள்ளி ஒரு தற்காலிக டேபிளில் கொட்டிவிட்டு, அதற்குள் ஒரே ஒரு வெடியின் இருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்தேன். அவளோ அந்தத் தற்காலிக டேபிளின் பெயரை விரலால் தொட்டாள்.

"அண்ணே, இதுல 'தேனு'ன்னு போட்டிருக்கு."

தேன்மொழியை நாங்கள் யாரும் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை.

"வீட்ல ஆள் இல்லாதப்பத்தான் அப்படிக் கூப்புடுவாக. அதுவும் எப்பவாச்சும்." திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "இதுனாலதான் நிக்குதாண்ணே?"

அந்த வரி ஓடி முடிய எடுத்துக்கொண்ட நேரத்தை அவளுக்குச் சுட்டிக் காட்டினேன். அவளே புரிந்துகொண்டாள்.

"எடுத்துருங்கண்ணே. லாரி நிக்குது."

எனக்கு எம்புட்டுக் கோபம் வந்தது தெரியுமா? ஒவ்வொரு பில்லுக்கும் அவள் பெயரை சர்வரிடம் சொன்ன உனக்கு, அவளிடம் வாய் திறந்து சொல்ல என்ன கேடு?

அந்தந்தப் பார்ட்டியின் லேபிளில் மட்டும் தேடுகிற மாதிரி உன் வாக்கியத்தை மாற்றினேன். பில் சட்டென்று வந்தது. லாரி கிளம்பியது. முதலாளி எல்லாருக்கும் காபி சொல்லிவிட்டார், அதன் பிறகு உன் பேச்சை எடுக்கவில்லை.

"எடுத்துட்டீகளாண்ணே?" என்றாள்.

"எடுத்துட்டேம்மா" என்றேன்.

எடுக்கவில்லை. அந்தப் பெயரில் ஒரு காலி டேபிள் ஒவ்வொரு பில்லுக்கும் உருவாகி அழிகிறது. அதற்கு ஒரு வேலையும் கிடையாது. வேண்டாத வரி ஒன்று புரோகிராமில் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும். வேறு யாரும் அழித்துவிடக் கூடாதே என்று அதற்கு மேலே "இதைத் தொடாதே" என்றும் எழுதிவைத்திருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை. இந்தப் பாழாய்ப்போன பழக்கம் உன்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது.