உத்திரமேரூரில் குடித்த டீ

ராஜகீழ்ப்பாக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் சளியும் எப்படி இருக்கின்றன? போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வீட்டுக்கார அமலராணி அக்கா ஏரி பார்க்கலாமென்று உத்திரமேரூருக்குக் கூட்டிப்போனார். ஏரிக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டேன். "சும்மா கட்டும்மா, போட்டோ எடுக்கலாம்ல" என்றார். ஊர்ச்சபைக்கு நிற்பவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அங்கே கோயில் சுவரில் சோழர் காலத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, தண்ணீர் குடிக்கலாமென்று அக்கா ஒரு வீட்டுக்கு இழுத்துப்போனார். அந்த வீட்டம்மா என் தகுதிகளை விசாரித்தார்: வயது, சம்பளம், சர்ச் கொயரில் பாடுவேனா என்று. வாசலில் ஆண் செருப்பு கிடந்தது. ஆள் வெளியே வரவில்லை. ஏரியை மட்டும் யாரும் காட்டவில்லை.

எல்லாருக்கும் காபி வந்தது. எனக்கு மட்டும் கேட்காமலே பால் இல்லாத டீ. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது அக்காவுக்குக்கூடத் தெரியாது. நீங்கள்தானே சொன்னீர்கள்?

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது.

இன்னும் கோபத்தோடு,
கெசியா

டீ நன்றாக இருந்தது அம்மா. இங்கே வந்த பிறகு எனக்கென்று யாரும் தனியாக டீ போட்டதில்லை.