இரண்டு இடது பக்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் படகுக்கான எட்டு அடிப் பலகையைத் தனியாகத்தான் திருப்பிப் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மாடியில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டால் ஒரு நிமிட வேலை. கூப்பிட மாட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "அவன் ஆரம்பிப்பான், முடிச்சு வைக்க நான் வரணும்" என்று சொன்ன வாய் அது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றோடு பேச்சு நின்றது. படகு வேலையை மட்டும் நிறுத்த முடியவில்லை. அக்கா ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் பஸ் படி ஏற முடியவில்லை, அத்தானுக்கோ எப்போதும் வெளியூர் வேலை. படகு இருந்தால் அவள் வீட்டுப் பின்புறப் படித்துறையில் உட்கார்ந்தபடியே ஏறிக்கொள்ளலாம். சண்டைக்கு முன்பே பிளைவுட் வாங்கியாகிவிட்டது, அவளுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது. அதனால் பக்கப் பலகை ஆளுக்கு ஒன்று. எனக்குக் கீழே கார் ஷெட், அவனுக்கு மொட்டை மாடி. அப்படிப் பிரித்துக் கொடுத்தவளும் அக்காதான், போனிலேயே.

மார்ச் 5, வியாழன்

"அவன்கிட்ட கேளுக்கா, கீழ் ஓரத்துச் சட்டம் எவ்வளவு அகலம்னு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "ஒண்ணரை இஞ்ச்சாம். வரைபடத்துல இருக்காம், கண்ணைத் திறந்து பாக்கணுமாம்."

கண்ணைத் திறந்து! தலைக்கு மேல் நடக்கிறவனிடம் கேள்வி கேட்க ஏரியைத் தாண்டிப் போன் போட வேண்டியிருக்கிறது. "நான் என்ன தபாலாபீஸாடா?" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

சட்டம் ஒட்டியாயிற்று. பிளைவுட்டுக்கு ஒரு முகம் பளிச்சென்று இருக்கும். மறுமுகத்தில் முடிச்சும் ஒட்டுப்போட்ட தழும்புமாக இருக்கும். வார்னிஷ் மட்டும் அடிக்கப்போகிறோம், மரம் அப்படியே தெரியும். அதனால் நல்ல முகம் வெளியே, மோசமான முகம் உள்ளே. உள்முகத்தின் கீழ் விளிம்பில், அடிப்பலகை உட்காருவதற்கான சட்டம். வரைபடத்தில் உள்ளபடி, மயிரிழை பிசகாமல் செய்திருக்கிறேன். ஆரம்பித்ததை நானேதான் முடித்தும் இருக்கிறேன். வந்து பார்க்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

எல்லாம் பாழ்.

இரண்டு பலகைகளையும் சேர்த்து நிறுத்த இன்று நாள் குறித்திருந்தோம் (அக்கா மூலம்). அவன் மாடியிலிருந்து பலகையைத் தனியாகவே இறக்கினான், சுவரெல்லாம் இடித்துக்கொண்டு. நானும் போய்ப் பிடிக்கவில்லை. ஷெட்டில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தான்.

இரண்டும் ஒன்று. வளைவும் சட்டமும் நல்ல முகமும் அச்சு அசலாக ஒரே மாதிரி. இரண்டுமே படகின் இடது பக்கம்!

வரைபடத்தில் ஒரு பக்கம்தான் வரைந்திருக்கும். இன்னொன்றை நேர் எதிராகச் செய்ய வேண்டும். அதை அவன் செய்வான் என்று நான். நான் செய்வேன் என்று அவன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்...

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தோம். அவனுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு லைன் பிஸி.

மார்ச் 16, திங்கள்

யாராவது ஒருவர் சட்டத்தைப் பெயர்த்து மறுமுகத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் அந்தப் பலகையின் நல்ல முகம் உள்ளே போய்விடும், தழும்பு முகம் காலத்துக்கும் வெளியே தெரியும். பார்ப்பவனெல்லாம் இது யார் செய்தது என்று கேட்பான். நான் ஏன் திருப்ப வேண்டும்? வரைந்திருந்ததைத்தானே நான் செய்தேன்!

"அவனைத் திருப்பச் சொல்லுக்கா."

"அவனும் இதையேதான்டா சொல்றான், எழுத்து மாறாம."

என் மனைவி ஷெட் வாசலில் நின்று, "ரெண்டுக்கும் பெயிண்ட் அடிச்சா எந்த முகம்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் உப்புத்தாளை எடுத்துப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தேன். மாடிக்குப் போய் அவனிடமும் கேட்டிருக்கிறாள், அவனும் தேய்க்க ஆரம்பித்துவிட்டானாம். "நல்ல குடும்பம்யா" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 19, வியாழன்

யாரும் திருப்பவில்லை. அக்காவிடம் மட்டும் நாலு தடவை பேசினேன்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கும்போது திடீரென்று உறைத்தது. அவன் முந்திக்கொண்டு திருப்பிவிட்டால்? விட்டுக்கொடுத்த பெருமை அவனுக்குப் போய்விடும். "கடைசியில நான்தான் வரவேண்டியிருந்துச்சு" என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். விடக்கூடாது.

வேலைக்கு லீவு போட்டேன். ஹீட் கன்னால் பசையைச் சூடாக்கி, உளியை மெல்ல நுழைத்துப் பெயர்த்தேன். மெல்லவா? எனக்கா? ஓரிடத்தில் பொறுமையில்லாமல் இழுத்ததில் பிளைவுட்டின் மேலடுக்கு ஒரு விரல் அகலத்துக்கு உரிந்து வந்துவிட்டது. ச்சீ. மீதியைச் சுரண்டித் தேய்த்து, மறுமுகத்தில் சட்டத்தை ஒட்டிக் கிளாம்ப் போட்டேன். என் அழகான முகம் இனி உள்ளே.

மேலேயும் நாள் முழுக்க ஏதோ சுரண்டும் சத்தம். அவன் பாங்கு வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. என்னை வெறுப்பேற்ற வேண்டும், அதுதான் அவனுக்கு வேலை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "அவன்கிட்ட மூச்சு விடாதே. நேர்ல பாக்கட்டும்." "நிஜமாவே சொல்லக்கூடாதா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "சரிடா, சொல்லல" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

அவன் பலகையை இறக்கி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தான். அவனும் திருப்பியிருக்கிறான். இப்போது இரண்டுமே வலது பக்கம்.

"முட்டாளாடா நீ!" என்று கத்தினான்.

"நீ மட்டும் என்ன? நீயும்தானே திருப்பி வெச்சிருக்கே!"

"ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா உனக்கு?"

"உனக்கு இருந்துச்சா? எங்க சொல்லணுமோ அங்க சொல்லாதே, சபையில நின்னு சொல்லு! அவன் ஆரம்பிப்பான், நான் முடிப்பேன்னு..."

"அதுவா? அதுக்காகவாடா மூணு மாசம்?"

அதுக்காகத்தான். அதுக்காகவான்னு கேக்கறான் பார்! தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று கத்தினேன். அவனும் விடவில்லை. பாதிச் சண்டையில்தான் உறைத்தது, நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் இருவருக்கும் ஒரே சந்தேகம். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"நாங்க ரெண்டு பேரும் திருப்பினது உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். ரெண்டு பேரும்தானே சொல்லாதேன்னு சொன்னீங்க."

"அதுக்காக? மறுபடியும் மரம் பாழாகுதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருப்பியா?" நான்தான் கத்தினேன். அக்காவிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

அவள் கத்தவில்லை. "படகு முடிஞ்சா மாசத்துக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிட்டு வருவீங்க. நீங்க சண்டை போட்டதுலேருந்து தினம் போன் வருதுடா. அதுக்கு முன்னாடி எப்போ கூப்பிட்டீங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அண்ணன் பலகையைப் பார்த்தான். நானும் பலகையைத்தான் பார்த்தேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

என் சட்டத்தைத்தான் பழைய இடத்துக்கே மாற்றினோம். அங்கே ஒட்டினால் நான் உரித்து வைத்த காயம் சட்டத்துக்கு அடியில் மறைந்துவிடும். அவன் யோசனை. சரியான யோசனைதான், அது வேறு எரிச்சல். ஆக, தழும்பு முகம் வெளியே இருப்பது அவன் பலகைக்கு. விட்டுக்கொடுத்த பெருமை கடைசியில் அவனுக்கே போய்ச் சேர்ந்தது.

இன்று இரண்டு பலகைகளையும் முன்மூக்கில் சேர்த்தோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒருவன் அதிகமாக இழுத்தால் மூக்கு கோணிக்கொள்ளும். "இழு", "போதும்", "நிறுத்துடா, எருமை", "நீ நிறுத்து" என்று வாய் ஓயவில்லை. நேராகத்தான் வந்திருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

அடிப்பலகையின் அளவை மாடிப்படியில் நின்றே அவனிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு நிமிட வேலை.

ஏழு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். கேட்க எந்த அளவும் இல்லை, சும்மாதான். லைன் பிஸி. மாடியில் அவன் சிரித்துச் சிரித்துப் பேசுவது இங்கே வரை கேட்கிறது.

முந்திக்கொண்டான், எருமை.