அந்த நம்பரில் வேறொரு பெயர்

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

சங்கராபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ அந்தப் பெர்த் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதி, இந்தக் கடிதத்தை அப்பாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மக்காச்சோளம் இடுப்பளவு வந்துவிட்டது, அப்பா நேற்று வெள்ளிமலை போய்ச் சாமை வாங்கி வந்தார்.

உன் வேலை விசா மனுவைக் கள்ளக்குறிச்சி ஏஜெண்ட் சின்னதுரையிடம் கொடுக்கலாமா என்று கேட்டாயே, நானும் உன் அசல் சர்டிபிகேட்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் நீ சொன்னது மண்டையைக் குடைந்தது, நீ இருக்கிற நாட்டில் விசா ஆலோசகர் என்றால் அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டும், ஆளுக்கொரு நம்பர் உண்டு என்றாயே. அவர் கொடுத்த கார்டிலும் ஒரு நம்பர் இருந்தது. அதை வைத்து என்னதான் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற ஷாலினி அந்த நாட்டு அரசாங்க வெப்சைட்டில் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னாக்கா, இதுல ஒரு பொம்பள பேருல்ல வருது என்றாள். பெர்த்தில் ஆபீஸ், விலாசம், போன், எல்லாம் இருந்தது. தப்பு செய்து தடை வாங்கியவர்களைக்கூட அதே இடத்தில் தெரிந்துகொள்ளலாமாம், எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிப்போய்ச் சின்னதுரையைக் கேட்டேன். அவுங்க எங்க ஆளுதாம்மா என்றார். அப்ப ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க என்றேன். அங்க இப்ப நடு ராத்திரி, தூங்கிக்கினு இருப்பாங்க என்றார். மணி பதினொன்று, அப்போதுதான் நீ மதியச் சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று எனக்கு மெசேஜ் போட்டிருந்தாய். அதைக் காட்டினேன். இவ்ளோ கேள்வி கேட்டா காரியம் ஆவாதும்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆவாட்டி போவுது, எம் பொண்ணு பேப்பர குடுங்க என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்காமல் எப்படிப் போவது. அரை மணி நேரம் கழித்துத்தான் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினேன், உன் பத்தாவது மார்க் ஷீட் உட்பட எல்லாம் பத்திரமாக பீரோவில் இருக்கிறது.

ஷாலினி அந்தப் பெர்த் அம்மாவுக்கு மெயில் போட்டாள், இரண்டு நாளில் பதில் வந்தது. சின்னதுரை யாரென்றே தெரியாதாம், தன் நம்பரை அவர் இப்படிக் கார்டில் போட்டுக்கொள்வதைப் புகார் செய்யப் போகிறாராம். உன் விஷயத்தைச் சொன்னதற்கு, என்னை மட்டும் நம்பி வந்துவிட வேண்டாம், பதிவில் இருக்கிற வேறு இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு உங்கள் மகளே முடிவு செய்யட்டும் என்று எழுதியிருக்கிறார். ஷாலினியை அந்த வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நீயே மூன்று பேரையும் நேரில் பார், உன்னை மாதிரி எத்தனை பேருக்கு மனு போட்டிருக்கிறார்கள், நடக்காது என்றால் முகத்துக்கு நேரே சொல்வார்களா என்று கேள். படித்துப் பார்க்காத பாரத்தில் கையெழுத்துப் போடாதே. இப்போது இருக்கிற விசா முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது, இந்த வாரமே போ. அந்த அம்மாவைப் பார்த்தால் சங்கராபுரத்திலிருந்து தைலம்மாள் கும்பிட்டதாகச் சொல்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நினைத்தது நடக்கட்டும், கண்ணு.

உன் அம்மா,
ப. தைலம்மாள்