மூன்றாவது அழைப்பு

நிலா, தெற்குச் சுரங்கம். மருத்துவ அறைக் குறிப்பு. எழுதுவது: ரோஸ்லின், உதவியாள்.

நாள் 212, காலை 8:10
மேசையில் ஊறுகாய்ப் பொட்டலம் உப்பியிருந்தது. நிலையத்தில் காற்றழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்கள் வெளியே தோண்டப் போகும்போது மூன்று படியாகக் குறைப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் அழைத்துத் தடை உண்டா என்று கேட்பார்கள். முதல் அழைப்பு எனக்குக் கேட்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

நோயாளி: என் அக்கா ஜெனோவா. இடது கண் முன்பே வெடி விபத்தில் போனது. வலது கண்ணில் விழித்திரை கழன்று, ஆறு நாள் முன் அறுவை. விழித்திரையை ஒட்டிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். வெளி அழுத்தம் குறைந்தால் குமிழி பெரிதாகும். கண் அழுத்தம் 24. இருபதைத் தாண்டக் கூடாது.

8:25
ஒலிபெருக்கி: "ரெண்டாவது படி. தடை இருக்கிறவங்க மைக்கில சொல்லுங்க."
மைக்கில் பேசினால் நாற்பது பேருக்கும் கேட்கும். போன மாதம் பஞ்சு தீர்ந்தது என்று சொன்னேன். ஒரு வாரம் என் குரலிலேயே பேசிக் கேலி செய்தார்கள். அதனால் செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். யாரும் திறக்கவில்லை.
கண் அழுத்தம் 38. அக்காவுக்குத் தலைவலி.

8:40
ஒலிபெருக்கி, மேற்பார்வையாளர் செபஸ்தியான் அண்ணன்: "மூணாவது படி. மருத்துவ ரூம், இருக்கியாம்மா? இல்ல பஞ்ச வாயில அடைச்சிட்டியா?"
சிரிப்பு.
மைக் பொத்தான் மேல் விரல் வைத்திருந்தேன். அழுத்தவில்லை.
"சரி, தடை இல்ல. பூட்டுறேன்."

8:58
கண் அழுத்தம் 53. வாந்தி. சொட்டு மருந்து விட்டேன், இறங்கவில்லை.
பூமியிலிருந்து மருத்துவர்: "நிலைய அழுத்தத்தை உடனே ஏற்றச் சொல். கண் நரம்பு தாங்காது."
மைக்கில் சொன்னேன்.
செபஸ்தியான் அண்ணன்: "எட்டுப் பேர் வெளிய நிக்கிறான். இப்ப ஏத்துனா அவனுகளுக்குக் கதவு திறக்காது. அவனுக வேலை முடிச்சு உள்ள வர ஆறு மணி நேரம் ஆகும். மூணு தடவ கேட்டனே, அப்ப எங்க போச்சு வாய்?"
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

9:35
கண் அழுத்தம் 66.
அக்கா கேட்டாள், "கூப்பிட்டப்பவே சொன்னியாடி?"
"சொன்னேன்க்கா. அவங்கதான் கேக்கல."
என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

10:20
வலி குறைந்துவிட்டது என்றாள். பிறகு, "லைட்டை ஏன்டி அணைச்ச?"
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
எழுந்து போய் அணைத்தேன்.